பைப் மாற்றினால் ட்யூன் பண்ணணுமா? எம்டி-07-ஐ டைனோவில் ஏற்றிப் பார்த்த பிறகு

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சைலன்சரை மட்டும் மாற்றி ஸ்லிப்-ஆன் போட்டிருந்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள மேப் என்ற பெட்ரோல் அட்டவணையைத் திருத்தி எழுதுவது) தேவையில்லை, அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். இன்ஜினிலிருந்து புறப்படும் ஹெட்டரோடு சேர்த்து ஃபுல் சிஸ்டம் போட்டிருந்தால் ட்யூன் பண்ணுவது நல்லது. ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாற்றியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பண்ணிவிடுங்கள். ஆனால் எதுவாக இருந்தாலும், ட்யூனுக்கு என்று பணத்தை எடுத்து வைக்கும் முன்னால் வண்டியை ஒருமுறை டைனோவில் (சக்கரத்தை ரோலர் மேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி அளந்து பாருங்கள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போனது காக்கி புக்கிட் பக்கம், ஒரே ஆள் ஒரே ரோலர் வைத்து நடத்தும் சின்னப் பட்டறை. பெயரைப் போட வேண்டாம், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லை என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அதனால் இதை ஒரு கடையைப் பற்றிய விமர்சனமாகப் படிப்பதைவிட, டைனோ ட்யூனிங் என்ற சேவைக்கு சிங்கப்பூரில் காசு கொடுக்கலாமா, கொடுத்தால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான விமர்சனமாகப் படியுங்கள்.

வண்டி யமஹா எம்டி-07. 689 சிசி, இரண்டு சிலிண்டர், கம்பெனி கணக்கில் 70-க்குச் சற்று மேல் குதிரைத்திறன். இந்த வண்டியில் ஒரு விசேஷம் இருக்கிறது, வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: கம்பெனி எக்ஸாஸ்ட் ஹெட்டரிலிருந்து சைலன்சர் வரை ஒரே துண்டாக வருகிறது. போல்ட்டைக் கழற்றிப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்ற வழியில்லை. பைப்பை அறுத்தால்தான் ஸ்லிப்-ஆன், இல்லையென்றால் முழுசாக மாற்ற வேண்டும். அதனால் எம்டி-07-க்கு வெளியில் விற்கும் எக்ஸாஸ்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஃபுல் சிஸ்டம்தான், ட்யூன் பண்ணணுமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. என் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் காட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளேயே இருக்கிறது, ஒலி அளவுக்கான சான்றிதழும் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதியும் உண்டு. அனுமதி இல்லாத பைப்போடு ஓட்டுகிறவர்கள் ட்யூனைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரி செய்யுங்கள். போலீஸ்காரர் நிறுத்தும்போது உங்கள் மேப் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அவர் பார்க்கப்போவதில்லை.

சரி, ஏன் பைப்பை மாற்றினால் பெட்ரோல் கணக்கு மாறுகிறது?

நம் ஊரில் பலரும் சொல்லும் பதில் பேக் பிரஷர், அதாவது வெளியே போகும் புகையைப் பைப் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். பைப் ஃப்ரீயாகிவிட்டால் பேக் பிரஷர் போய்விடும், லோ எண்டில் இழுவை போய்விடும், அதனால் ட்யூன் பண்ணணும் என்பார்கள். இது பாதி சரி, பாதி தவறு. இன்ஜினுக்குப் பேக் பிரஷர் எந்த வகையிலும் தேவை இல்லை. அதற்குத் தேவை, எரிந்த புகை வேகமாக வெளியே போவதும், போகும்போது தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போவதும்தான். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப் அகலமாகிற இடத்தில், அல்லது இரண்டு ஹெட்டர்களும் சேர்கிற இடத்தில், அது எதிர்மாறான அலையாகத் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பி வரும் அலை, இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் இரண்டுமே கொஞ்சம் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் வந்து சேர்ந்தால் புதுக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கும். நேரம் தவறி வந்தால் எதிர்த்துத் தள்ளும். எந்த ஆர்பிஎம்மில் நேரம் ஒத்துப்போகும் என்பது ஹெட்டரின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. அதனால்தான் ஹெட்டரை மாற்றினால் சில ஆர்பிஎம்மில் காற்று அதிகம் போகிறது, சில இடத்தில் குறைகிறது. கடைசியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு பெரிதாக அசைவதில்லை. ஸ்லிப்-ஆனுக்கு ட்யூன் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கேள்வி, காற்று கூடினால் அது ஈசியுவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, தெரியாதா? கார்களில் உள்ளே போகும் காற்றையே நேரடியாக அளக்கும் சென்சார் இருப்பது சகஜம். பைக்குகளில் அது அபூர்வம். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு, இன்டேக்கில் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, தொழிற்சாலையில் எழுதி வைத்த அட்டவணையிலிருந்து ஈசியு பெட்ரோலை எடுத்துக் கொடுக்கிறது. அந்த அட்டவணை பழைய பைப்புக்காக எழுதியது. எக்ஸாஸ்ட்டில் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஓ2 சென்சார் திருத்திவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். திருத்தும், ஆனால் நிதானமாக ஒரே வேகத்தில் போகும்போது மட்டும். கம்பெனி போட்டுத் தரும் சென்சார் குழம்பில் உப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும் நாக்கு மாதிரி, எத்தனை கிராம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தைச் சுற்றியே அது வேலை செய்யும். நீங்கள் த்ராட்டிலை நன்றாகத் திருகியதும் ஈசியு அந்தச் சென்சாரைக் கண்டுகொள்ளாது, அட்டவணையை மட்டும் நம்பும். முழு இழுவைக்கு இன்ஜின் கேட்பது 13-க்குப் பக்கத்தில். அங்கே அட்டவணை தப்பாக இருந்தால் திருத்த ஆளில்லை.

எனக்கு இருந்த தொந்தரவு என்ன என்றால், பைப் போட்ட பிறகு மேலே வண்டி நன்றாக ஓடியது, தீவு விரைவுச்சாலையில் ஏறி 90-ஐப் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 4,000 ஆர்பிஎம் பக்கம் ஒரு தயக்கம். த்ராட்டிலை மூடித் திறக்கும்போது ஒரு வெட்டு. சிக்னலுக்கு வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் பின்னால் பட்டாசு. மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் லாரிகளுக்கு நடுவில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது அந்த வெட்டு உயிரை எடுக்கும், மணிக்கட்டு வலித்துவிடும். சிங்கப்பூரில் பைக் ஓட்டுகிறவர்களின் வாழ்க்கையில் பெரும்பகுதி கால்வாசி த்ராட்டிலுக்குக் கீழேதான் போகிறது. ட்யூன் என்றால் உச்சக் குதிரைத்திறன் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் வேறொரு கடையில் கேட்டேன். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. என்ன மாடல், என்ன பைப் என்று கேட்டுவிட்டு, ரெடியாக மேப் இருக்கிறது, ஏற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். டைனோ சீட்டு கிடைக்குமா என்றால் அது தனிக் காசு, தேவையில்லை என்று பதில். ரெடிமேடு மேப்பில் எல்லாமே குப்பை என்று நான் சொல்லமாட்டேன். பைப் கம்பெனியோ ட்யூனிங் கம்பெனியோ அதே மாடலை வைத்து உருவாக்கிய மேப் பல சமயம் ஓரளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேப்புக்கு உங்கள் வண்டியில் கேஸ்கட் கசிகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்ஜெக்டர் அழுக்காக இருக்கிறதா என்றெல்லாம் தெரியாது. அளக்காமல் மருந்து கொடுக்கும் கடையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கிளம்பி வந்துவிட்டேன்.

காக்கி புக்கிட் அண்ணன் போனிலேயே கேட்ட முதல் கேள்வி, "பைப் யாரு மாட்டுனது? கேஸ்கட் புதுசா போட்டாங்களா?" என்பது. எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரி, கொண்டு வாங்க தம்பி, பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்" என்றார். வண்டியை ரோலரில் ஏற்றி, முன் சக்கரத்தைப் பிடிப்பானில் இறுக்கி, இரண்டு பக்கமும் ராட்செட் பட்டை போட்டு இழுத்து, ரேடியேட்டருக்கு எதிரே ஒரு பெரிய மின்விசிறியை வைத்தார். அப்புறம் சைலன்சர் வாயில் ஒரு குழாயை விட்டு, அதை வைட்பேண்ட் சென்சாரோடு இணைத்தார். இது நம் வண்டிச் சென்சார் மாதிரி கூடக்குறைய என்று மட்டும் சொல்லாமல் உள்ளதை எண்ணாகவே சொல்லும். காட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையில் எண் கொஞ்சம் மங்கலாக வரும் என்பதால் ஹெட்டர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். நான்காவது கியரில் வைத்து முதல் ஓட்டம். திரையில் காற்று-பெட்ரோல் கோடு 3,500-லிருந்து 4,500 வரை 15-ஐத் தாண்டி ஏறியது, அதே இடத்தில் டார்க் (இழுவிசை) கோடு குழிந்தது. எனக்குக் கையில் தெரிந்த தயக்கம் அப்படியே படமாக எதிரில் நின்றது.

மற்ற கடையாக இருந்தால் அங்கேயே லேப்டாப்பைத் திறந்திருப்பார்கள். இவர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். சிலிண்டர் தலையில் ஹெட்டர் சேரும் இடத்தில், இடது பக்கம், நகத்தளவு கருப்பாகப் புகை படிந்திருந்தது. விரலால் தடவிக் காட்டினார். பழைய கேஸ்கட்டையே திரும்ப வைத்து மாட்டியிருக்கிறார்கள். அந்த வளையம் ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுபடி அடைக்காது, பைப்பைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். அந்த இடைவெளியில் புகை வெளியே போவதோடு, அலை திரும்பும்போது வெளிக்காற்று உள்ளேயும் வருகிறது. உள்ளே வரும் ஆக்ஸிஜனைப் பார்த்து ஓ2 சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக் கூட்டச் சொல்கிறது. நிதானமாகப் போகும்போது வண்டி தேவையில்லாமல் பெட்ரோல் குடிக்கிறது, த்ராட்டிலை மூடும்போது அந்தக் காற்று சூடான பைப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கிறது. அவர் சொன்னது இது: "மொதல்ல லீக்க அடைக்கணும் தம்பி. இதோட ட்யூன் பண்ணினா நான் லீக்குக்குத்தான் ட்யூன் பண்றேன், வண்டிக்கு இல்ல."

இரண்டு கேஸ்கட்டும் புதுசு, போல்ட்டுகளை அளவோடு இறுக்கி, வண்டியைச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி இறுக்கினார். திரும்ப ஓட்டிப் பார்த்ததில் பட்டாசுச் சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. 4,000 பக்கத்துக் குழி ஆழம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அந்த இடத்தில் அவர் நின்று, "இதுக்கு மேல நீங்க முடிவு பண்ணுங்க. இப்படியே விட்டாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஓட்ட சுகமா இருக்கணும்னா ட்யூன் பண்ணலாம்" என்றார். ட்யூனிங்கை விற்றுப் பிழைக்கும் ஒருவர் இப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். பைப் மாற்றி ட்யூன் பண்ணாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. டர்போவோ ரேஸ் இன்ஜினோ இல்லாத, சாதாரணமாக ரோட்டில் ஓடும் இன்ஜெக்‌ஷன் வண்டியில், பைப்பை மட்டும் மாற்றியதால் அந்த அளவுக்குப் போவது அரிது. கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும், கொஞ்சம் சூடாகும், ஓட்ட எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் ட்யூன் பண்ணச் சொன்னேன். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, பவர் கமாண்டர் மாதிரி ஒரு பெட்டியை ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் மாட்டுவது. ஈசியு சொல்லும் பெட்ரோல் அளவை அது வழியில் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், வண்டியை விற்கும்போது பழையபடி ஆகிவிடும், வாரண்டி கவலை இருப்பவர்களுக்கு இது நிம்மதி. இன்னொன்று, வூலிச், எஃப்டிஈசியு போன்ற மென்பொருளை வைத்து ஈசியுவுக்குள்ளேயே மேப்பை மாற்றி எழுதுவது. தனிப் பெட்டி வேண்டாம், கூடுதல் ஒயர் வேண்டாம். முக்கியமாக, த்ராட்டிலை மூடும்போது ஈசியு பெட்ரோலை முழுசாக நிறுத்துவதும் திறந்ததும் திடீரென்று திரும்பக் கொடுப்பதும்தான் அந்த வெட்டுக்கு முக்கியக் காரணம். இப்படி ஈசியுவுக்குள் எழுதினால், அதாவது ஃபிளாஷ் பண்ணினால், அந்த இடத்தைத் தொட முடியும், நடுவில் மாட்டும் பெட்டிக்கு அந்த அதிகாரம் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு: ரேடியேட்டர் மின்விசிறி எந்தச் சூட்டில் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். கம்பெனியில் 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ஓடும்படி வைத்திருப்பார்கள். நம் வெயிலில், சோதனைச்சாவடி வரிசையில், தொடைக்கு நடுவில் அந்தச் சூட்டை அனுபவித்தவர்களுக்குச் சில டிகிரி முன்னாலேயே விசிறி ஓடுவதன் அருமை தெரியும். நான் ஃபிளாஷ் எடுத்துக்கொண்டேன்.

ட்யூன் பண்ணும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அலுக்கவே இல்லை. முழு த்ராட்டிலில் இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிவிட்டு முடிந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர்களிடம் போகாதீர்கள். இவர் 2 சதவீதத் திறப்பிலிருந்து ஆரம்பித்தார். 5, 10, 15, 20 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ரோலரில் பிரேக் சுமையைக் கொடுத்து ஆர்பிஎம்மை ஏற்றி, கோட்டைப் பார்த்து, அட்டவணையில் அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டி. மேலே 60, 80, 100 எல்லாம் வேகமாக முடிந்துவிட்டது. நேரம் போனது முழுக்கக் கீழேதான். ஓ2 சென்சாரை அணைத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். அணைத்தால் நிதான ஓட்டத்திலும் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைத்து இன்னும் மிருதுவாக்கலாம், ஆனால் பெட்ரோல் கூடச் செலவாகும், புகை அளவும் ஏறும். நான் வேண்டாம் என்றேன். வண்டிக்கு மூன்று வயதானால் விகாமிலோ மற்ற மையங்களிலோ வருடா வருடம் சோதனைக்குப் போகணும், அங்கே எக்ஸாஸ்ட் புகையையும் பார்ப்பார்கள், சத்தத்தையும் பார்ப்பார்கள். சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) விற்கும் விலையில் 10 வருடம் வைத்து ஓட்டப்போகும் வண்டி இது, ஒவ்வொரு வருடமும் பயந்துகொண்டே சோதனைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அவரும் அதுதான் சரி என்றார். சென்சார் வேலை செய்யும் இடத்தைத் தொடாமல், அதற்கு மேலேயும், மூடித் திறக்கும் இடத்தையும் மட்டும் சரி செய்தார்.

இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளி இன்னும் சற்று சக்தி எடுக்கலாம். ஆனால் என்னைப் போல வாரக்கடைசியில் ஜோகூர் பக்கம் போகிறவர்கள் அங்கே போடப்போவது 97, அங்குள்ள 95 சிங்கப்பூர் வண்டிகளுக்குக் கிடையாது. டைமிங்கை விளிம்பில் வைத்துவிட்டு, எங்கோ ஒரு ஊரில் கிடைத்த பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, பின்னால் ஆளை வைத்து மேடு ஏறினால் இன்ஜின் தட்டும். "பெட்ரோல் மட்டும் போதும் அண்ணே, டைமிங் கம்பெனி வச்சபடியே இருக்கட்டும்" என்றேன். கம்பெனி டைமிங்கோடு ஓடும் எம்டி-07 சாதாரண பெட்ரோலிலேயே ஓடக்கூடியது, 98 போட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

முடிவில் சீட்டில் வந்த எண்கள்: பின் சக்கரத்தில் முதலில் 66 குதிரைத்திறன், கடைசியில் 70-க்குச் சற்றுக் கீழே. இந்த நான்கை ரோட்டில் நான் உணர்ந்தேன் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. 4,000 பக்கம் டார்க் குழி நிரம்பி நேர்கோடாகிவிட்டது, அதை முதல் கியரில் பட்டறை வாசலைத் தாண்டும் முன்பே உணர்ந்தேன். வெட்டு இல்லை. உபி அவென்யூவில் சிக்னலுக்கு சிக்னல் நின்று வந்தபோது கிளட்சைத் தொடாமலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வர முடிந்தது, முன்பு அதற்கு வழியே இல்லை. பட்டாசு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எக்ஸாஸ்ட்டில் சுத்தக் காற்றை ஊதும் ஒரு அமைப்பு இந்த வண்டிகளில் உண்டு, புகையில் மிச்சமிருக்கும் பெட்ரோலை எரித்துவிட. அதை அடைத்துவிட்டால் மீதிச் சத்தமும் போய்விடும், பலர் அடைக்கவும் செய்கிறார்கள். புகையைச் சுத்தமாக வைக்க வைத்திருக்கும் பொருளைச் சத்தத்துக்காக அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணனும் அதை அடைக்கச் சொல்லவில்லை.

டைனோ எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் வண்டி 70, உன் வண்டி 72 என்று வேறு வேறு பட்டறைச் சீட்டுகளை வைத்து ஒப்பிடாதீர்கள். ரோலருக்கு ரோலர் மாறும், கருவியில் எந்தத் திருத்தம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். எஸ்ஏஈ என்ற பொதுத் தரத்தின் திருத்தம் 25 டிகிரி உலர்ந்த காற்றுக்கு மாற்றிச் சொல்கிறது, நம் பட்டறைகளில் 32 டிகிரியும் வியர்வையும்தான். ஒரே ரோலரில், ஒரே நாளில் எடுத்த முன், பின் ஓட்டங்கள் இரண்டையும் பாருங்கள், அது மட்டும்தான் பேசும். முன் ஓட்டத்துக்கான சீட்டைக் கொடுக்க மறுக்கிற கடையில் பின் ஓட்டத்துச் சீட்டுக்கு மதிப்பே இல்லை.

செலவு கேஸ்கட், முன் அளவு, ஃபிளாஷ் எல்லாம் சேர்த்து 600 வெள்ளிக்குச் சற்றுக் கீழே ஆனது. மலிவு இல்லை. அளந்து பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான், அதோடு நிறுத்திக்கொண்டாலும் அவர் முகம் சுளிப்பதில்லை. எனக்கு முன்னால் ஒரு தம்பி ஹோண்டா சூப்பர் 4 ரெவோவோடு வந்திருந்தார், ஸ்லிப்-ஆன் மட்டும் போட்ட வண்டி. ஓட்டிப் பார்த்துவிட்டு கோடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போ என்று அளவுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

சூப்பர் 4 என்றதும் ஞாபகம் வருகிறது, ரெவோவுக்கு முந்தைய ‘ஸ்பெக்’ மாடல் வண்டிகள் கார்புரேட்டர். அவற்றுக்கு மேலே சொன்ன ஈசியு கதை எதுவும் பொருந்தாது. பல்சர் 200 என்எஸ் கார்புரேட்டர் வண்டிகளுக்கும் இதேதான், நம் ஆட்களிடம் 2பி (200 சிசி வரை) லைசென்ஸுக்கு நிறைய இருக்கும் வண்டி என்பதால் சொல்கிறேன். இவற்றில் பைப் மாற்றினால் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றுவது, ஊசியின் உயரத்தை மாற்றுவது, ஐடிலில் காற்று ஸ்குருவைத் திருப்புவது என்று கைவேலைதான். தானாகத் திருத்திக்கொள்ளும் சென்சார் எதுவும் இல்லாததால் லீனாகப் போனால் லீனாகவே போய்க்கொண்டிருக்கும். கேமரன் மலை மாதிரி உயரத்துக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து அதே ஜெட் ரிச்சாகிவிடும், இன்ஜெக்‌ஷன் வண்டி அழுத்தச் சென்சாரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு டைனோ தேவையா என்றால், ஃபுல் சிஸ்டம் போட்டிருந்தால் ஒருமுறை அளப்பது நல்லது. மற்றபடி ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்து ஜெட் போடத் தெரிந்த பழைய மெக்கானிக் அங்கிள் யாராவது கிடைத்தால் அவரிடமே போகலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தேதி கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சனி ஞாயிறு கிடையாது, லீவு போட்டுத்தான் போனேன். பட்டறைக்குள் உட்கார ஒரே நாற்காலி, ரோலர் ஓடும்போது காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது, சூடு தாங்காது. எழுதிய மேப் கோப்பை அவர் கையில் கொடுப்பதில்லை. அது தன் உழைப்பு என்கிறார், எனக்கு அந்த நியாயம் புரிகிறது, ஆனாலும் காசு கொடுத்தவனுக்கு ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நாளைக்கு அவர் கடையை மூடிவிட்டால், யமஹா சர்வீஸில் ஈசியுவைப் புதுப்பித்து மேப் அழிந்துவிட்டால், நான் எங்கே போவேன்? பழைய கம்பெனி மேப்பையாவது எழுதும் முன் காப்பியெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று எந்தக் கடையிலும் கேளுங்கள். இவர் வைத்திருக்கிறார், வேண்டும்போது திரும்ப ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டீலர் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஃபிளாஷ் பண்ணும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிபி-கில்லர் என்று சொல்லும், சைலன்சர் வாயில் இருக்கும் அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டு ட்யூன் பண்ணச் சொல்லி யாரும் இவரிடம் போக வேண்டாம், ரோலரிலேயே ஏற்றமாட்டார். சத்தச் சோதனையில் தேறாத வண்டிக்கு அவர் மேப் எழுதுவதில்லை. இரவு பதினோரு மணிக்கு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக் கீழே வண்டியைக் கிளப்பும்போது தூங்கும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படும் ட்யூனர் என்று அவரை நான் நினைத்துக்கொள்கிறேன், என் பங்குக்கும் அதே கவலைதான்.

போகிறவர்களுக்குக் கடைசியாக: செயினை இறுக்கிச் சுத்தம் செய்து கொண்டு போங்கள், தளர்ந்த செயின் ரோலரில் குதித்துக் கோட்டைக் கெடுத்துவிடும். பின் டயரில் காற்று சரியாக இருக்கட்டும், தேய்ந்து தட்டையான டயர் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், அடைத்திருந்தால் புதுசு போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அழுக்கு ஃபில்டருக்கு ஏற்ற மேப்தான் கிடைக்கும். நீங்கள் வழக்கமாகப் போடும் பெட்ரோலையே டேங்க்கில் பாதிக்கு மேல் வைத்திருங்கள். பைப் மாட்டிய கடையில் புது கேஸ்கட் போட்டார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், போடவில்லை என்றால் கேஸ்கட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் வாங்கினால் அன்றைக்கு அரை நாள் அதற்கே போய்விடும்.